குளிர்காற்றை அளந்த கதை

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி மாத வானிலை அறிவிப்பு இரண்டு எண்களைச் சொல்லும். வெளியே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். காற்றோடு சேர்த்தால் மைனஸ் 33. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண்ணை.

நம் தோலை ஒட்டி, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது. காற்று வீசாதவரை அது கம்பளிபோலக் காக்கும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால் அந்தப் படலம் தங்காது. உடம்பு மறுபடி மறுபடி சூடாக்கும். காற்று அள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். மூக்கு நுனி, காது மடல், கன்னம், விரல் நுனி எல்லாம் முதலில் அடிபடும். ரத்தக்குழாய்கள் சுருங்கி, தோல் வெளுத்து மரத்துப்போகும். வலி விட்டுவிட்டது என்று நிம்மதியாகும் அந்த நேரம்தான் மிக ஆபத்தானது. திசு உறையத் தொடங்கியிருக்கும். மைனஸ் 33-ல் மூடாத தோலுக்கு 10 முதல் 30 நிமிடங்களுக்குள் இந்தக் கதி நேரலாம்.

இந்தக் கொடுமையை முதலில் எண்ணில் அடக்கியவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற அமெரிக்கர்கள். சைப்பிள் 1928-ல் சாரணச் சிறுவனாக துருவப் பயணி ரிச்சர்ட் பேர்டின் குழுவோடு அன்டார்க்டிகாவுக்குப் போனவர். பின்னர் அங்கே மீண்டும் தங்கியிருந்தபோது, பாசெலுடன் சேர்ந்து சிறு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றி வெளியே கம்பத்தில் தொங்கவிட்டார். எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று இருவரும் குறித்துக்கொண்டே வந்தார்கள். துருவக் குளிர்கால இருட்டிலும் குளிரிலும் நின்று செய்த இந்த எளிய சோதனை, பெரிய கருவிகளைக் கொண்டு செய்த எத்தனையோ ஆய்வுகளைவிட மதிப்புக்குரியது.

ஆனால் உருளைக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அந்தச் சோதனையிலிருந்து பிறந்த சூத்திரம் குளிரைக் கூட்டியே காட்டியது. 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தின. அதற்காக டொரன்டோவில் தன்னார்வலர்களின் முகத்தில் உணரிகளைப் பொருத்தி, குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்துக்குள் நடக்கவைத்தார்கள்.

காற்றோடு சேர்த்துச் சொல்லும் இந்த எண் உயிருள்ள தோலுக்கானது. நிறுத்திவைத்த காருக்குப் பொருந்தாது. மைனஸ் 20-ல் எவ்வளவு காற்றடித்தாலும் இன்ஜின் மைனஸ் 20-க்குக் கீழே இறங்காது. அந்தக் குளிருக்கு வேகமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். வெளியே 2 டிகிரி, காற்றோடு மைனஸ் 5 என்று அறிவித்தாலும் உலர்ந்த தோல் உறையாது. ஆனால் நனைந்த உடையோடு அந்தக் காற்றில் நிற்பவருக்கு உடல்வெப்பம் சரிந்து உயிரே போகலாம். முதலில் ஈரத்துணியைக் கழற்றுங்கள்.