தனி எறிதலும் நடுவரின் பொறுமையும்



நம் தோட்டங்களில் கால்பந்துக்கு இருக்கும் மவுசு கூடைப்பந்துக்கு இல்லை. ஆனாலும் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள் சிலர் அதையும் ஆடுகிறார்கள். அவர்களுடைய போட்டியைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள் என்னிடம் கேட்பதுண்டு: “எங்க பையன் பந்தை எறியும்போது கூட்டமே கூச்சல் போடுது, நடுவர் பேசாம நிக்கிறார். எதிர்க்கட்சிப் பையன் ஒருத்தன் கையை ஆட்டினா மட்டும் மறுபடி எறியச் சொல்றார். இது என்ன நியாயம், வாத்தியாரே?”

நல்ல கேள்வி. கூடையை நோக்கிப் பந்தை எறிகிறவனை ஒருவன் இடித்தாலோ கையில் அடித்தாலோ, இடிபட்டவனுக்குத் தனி எறிதல் கிடைக்கும். பலகையிலிருந்து 4.6 மீட்டர் தள்ளியுள்ள கோட்டின் பின்னால் நின்று, யாரும் மறிக்காமல் அவன் எறியலாம். விழுந்தால் 1 புள்ளி. பன்னாட்டு விதிப்படி 5 விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். ஆட்டம் முடியும் தறுவாயில் இரு கட்சியும் சமமாக நின்றால், அந்த 1 புள்ளிதான் வெற்றி தோல்வி. அதனால்தான் அவனுடைய கவனத்தைக் கலைக்க அத்தனை பேருக்கும் ஆசை வருகிறது.

திடலுக்குள் நிற்கும் எதிர்க்கட்சி ஆட்டக்காரருக்கு அந்த உரிமை அறவே கிடையாது. கையை வீசுவது, காலைத் தரையில் உதைப்பது, எறியும் நொடியில் திடீரென்று கத்துவது எல்லாம் விதிமீறல். ஒருவன் தன் கூட்டாளியிடம் “நீ அங்கே நில்” என்று முன்கூட்டியே சொன்னால் அது வேறு விஷயம். எது எதுவென்று பிரித்தறிவது நடுவரின் பொறுப்பு.

இங்கேதான் நடுவரின் பொறுமையைக் கவனிக்க வேண்டும். குறும்பைக் கண்டதும் அவர் விசில் ஊதிவிட்டால் என்ன ஆகும்? எறிகிறவன் திடுக்கிடுவான், விழ வேண்டிய பந்தும் வீணாகும். குற்றம் செய்தவனுக்கே லாபம்! ஆகவே அவர் பந்து போய்ச் சேரும்வரை காத்திருக்கிறார். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில், ‘நான் பார்த்துவிட்டேன்’ என்று காட்ட நடுவர் கை விரல்களை மூடிப் பக்கவாட்டில் நீட்டுவார். பந்து விழுந்தால் புள்ளி செல்லும், குறும்பு மறக்கப்படும். விழாவிட்டால் இன்னொரு எறிதல். எறிகிறவனே எறிவதுபோல் பாசாங்கு செய்து மற்றவர்களை ஏமாற்றினால், அவனுக்குப் புள்ளி கிடையாது.

சரி, கூட்டத்தின் கதை என்ன? 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது, பீச் பழக் கூடைகளை மேல்மாடக் கைப்பிடியில் மாட்டினார். அங்கே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிடத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கவே கூடைக்குப் பின்னால் பலகை வந்தது. பின்னாளில், பின்னால் இருப்பவர்களுக்கும் ஆட்டம் தெரியட்டும் என்று பலகையைக் கண்ணாடியாக்கினார்கள். கூட்டத்தைத் தடுக்க வந்த பலகையே கூட்டம் தன் சேட்டையைக் காட்டும் சன்னலாகிவிட்டது, பாருங்கள்!

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் 2013 முதல் கூடைக்குப் பின்னால் திரை கட்டி, எதிர்க்கட்சி எறியும்போது அதைத் திறந்து வேடிக்கை காட்டினார்கள். 2016 ஜனவரியில் அந்தத் திரைக்குள்ளிருந்து, ஒலிம்பிக் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் நீச்சல் உடையில் வெளிப்பட்டார். எறிந்த மாணவர் இரண்டையும் தவறவிட்டார். அவருக்கு மறு எறிதல் கிடையாது. ஏனென்றால் விதி கட்டுப்படுத்துவது ஆட்டக்காரரை, ரசிகரை அல்ல. பொருள்களை எறிந்தாலோ திடலுக்குள் இறங்கினாலோதான் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, ஏற்பாட்டாளரை அழைப்பார்.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் எறிவதற்கு 10 விநாடி உண்டு. 2021இல் யான்னிஸ் அன்டெட்டோகூன்போ அதிக நேரம் எடுக்கிறார் என்று, வெளியூர்க் கூட்டங்கள் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணின. எண்ணட்டும், நடுவர் தம் கணக்கையே நம்புவார். அந்த ஜூலை 20இல், சொந்த ஊரில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர் 19 எறிதல்களில் 17ஐப் போட்டார்.

வளர்ந்தவர்கள் ஆட்டத்தில் கூச்சல் இருக்கட்டும். 12 வயதுப் பிள்ளை எறியும்போது பெரியவர்கள் கூவுவதை நான் ரசிப்பதில்லை. ஆனாலும் விதி தடுக்காததற்குப் பிள்ளையைத் தயார் செய்யத்தானே வேண்டும்? பயிற்சியில் ஒருவன் எறியும்போது, மற்றவர்களைக் கூடைக்குப் பின்னால் நின்று தகரம் தட்டச் சொல்லுங்கள். முதல் வாரம் பந்து எங்கெங்கோ போகும். மூன்றாம் வாரம் தட்டுகிறவர்களுக்குத்தான் கை வலிக்கும்.