கடலூரில் கருவாட்டுக் குழம்பு! சிதம்பரத்தில் கொத்சு!

ஒரே மாவட்டம், இரண்டு இலை: ஒரு பிரயாணி கண்ட சாப்பாடு

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் எவ்வளவு தூரம்?

சுமார் 45 கிலோமீட்டர்தான். ரெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பொட்டலம் கடலையைத் தின்று முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

இரண்டும் ஒரே மாவட்டம். முன்பு தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தன. 1993-ல் அந்த ஜில்லா இரண்டாகப் பிரிந்தபோதும் இவை பிரியவில்லை. கடலூர் மாவட்டத்திலேயே சேர்ந்து இருந்துவிட்டன.

ஆனால் இலையில் விழும் சோற்றைப் பாருங்கள். ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம்! ஓர் ஊரில் கருவாட்டு மணம். மற்றோர் ஊரில் நெய் மணம்.

இது ஏன்? இரண்டு ஊரிலும் சாப்பிட்டுப் பார்த்தே தெரிந்துகொள்வது என்று ஒரு நாள் விடியற்காலையில் புறப்பட்டேன்.

மீன் விற்கும் வீட்டில் என்ன குழம்பு?

முதலில் கடலூர் முதுநகர். பொழுது விடியும் முன்பே மீன்பிடித் துறைமுகத்தில் சந்தை கூடிவிட்டது. படகுகள் வந்து நின்றன. கூடை கூடையாக மீன் இறங்கியது. சங்கரா, மத்தி, நெத்திலி, காரப்பொடி, வஞ்சிரம்! ஏலக் குரல் காதைத் துளைத்தது.

கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"இன்னைக்கு உங்க வீட்டுல வஞ்சிரமா ஆயா?" என்று கேட்டேன்.

ஆயா பொக்கை வாய் தெரியச் சிரித்தார்.

"வஞ்சிரம் வித்தாதான் தம்பி அரிசி. மீன் விக்கிற வீட்டுல கருவாட்டுக் குழம்புதான்!" என்றார்.

பிறகு அவர் முகம் கொஞ்சம் வாடியது.

"பேரன் சிதம்பரத்துல படிக்கிறான். தினம் ரெயில்ல போறான். மதியத்துக்குக் கருவாட்டுக் குழம்பு ஊத்திக் குடுத்தா எடுத்துட்டுப் போக மாட்டேங்கிறான். பக்கத்துல இருக்கிற பசங்க மூக்கைப் பிடிக்கிறாங்களாம். தயிர் சோறு போதுங்கிறான்" என்றார்.

எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பேச்சு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

கடல் கொடுக்காத நாளில்

கருவாடு என்பது என்ன? மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் உப்புப் போட்டு வெயிலில் காய வைத்து, கிடைக்காத நாளுக்கு எடுத்து வைப்பது.

கிடைக்காத நாள் மீனவருக்கு நிறைய உண்டு. புயல் சின்னம் என்றால் கடலுக்குப் போக முடியாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. மீன் இனம் பெருகட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்த நாட்களில் சிறு படகுக்காரர்கள் கரையோரத்தில் பிடிப்பதுதான் மீன். மற்றபடி பானையில் இருக்கும் கருவாடுதான் துணை.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்ததே, நினைவிருக்கிறதா? கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினம் போன்ற குப்பங்கள் சின்னாபின்னமாயின. படகு போயிற்று, வலை போயிற்று. மிஞ்சியவர்கள் மீண்டும் மீன் பிடித்து வந்தபோது அதை வாங்க ஆள் இல்லை. கடலில் பிணங்கள் மிதந்ததால் மீன் சாப்பிட ஜனங்கள் அஞ்சினார்கள். கடல் அடித்தது ஓர் அடி; சந்தை அடித்தது இன்னோர் அடி!

ஒரு துண்டுக் கருவாட்டின் அருமை அப்படிப்பட்ட நாளைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு சொம்புக் கூழ்

பசி வந்துவிட்டது. தெருவோரத்தில் ஓர் அம்மாள் பானையில் கூழ் விற்றுக்கொண்டிருந்தார்.

கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கிறார்கள். நொய்யரிசி வெந்து வரும்போது அந்த மாவை ஊற்றிக் கிண்டுகிறார்கள். மறுநாள் காலையில் உப்பும் மோரும் விட்டுக் கரைத்தால் கூழ் தயார். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், சின்ன வெங்காயம், மாங்காய்த் துண்டு, பொரித்த நெத்திலிக் கருவாடு.

ஒரு சொம்பு குடித்தேன். வயிறு குளிர்ந்தது. மதியம் வரை பசிக்கவே இல்லை!

இது ஏழைச் சாப்பாடுதான். ஆனால் ஏழ்மை இதன் சத்தில் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் அதிலும் எலும்புக்கு வேண்டிய சத்து சேருகிறது.

ஒரே ஓர் எச்சரிக்கை: கருவாட்டில் உப்பு அதிகம். வெந்நீரில் ஊறவைத்து நன்றாக அலசிவிட்டுத்தான் குழம்பில் போட வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மதியம் ஒரு சிறிய ஓட்டலில் கருவாட்டுக் குழம்பே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். புளியில் கொதித்த நெத்திலி. கூடவே முழுக் கத்தரிக்காய். அந்தக் கத்தரிக்காயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

பரங்கியும் மணிலாவும்

மதியத்துக்கு மேல் ரெயில் ஏறினேன். கையில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை. இந்தப் பக்கத்தில் அதற்கு "மல்லாட்டை" என்று பெயர். மணிலாக் கொட்டை என்பதுதான் இப்படித் தேய்ந்துவிட்டது. மணிலா, பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம். ஆனால் கடலையின் பூர்வீகம் அதுவும் அல்ல, தென் அமெரிக்கா!

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டிப் பரங்கிப்பேட்டை வந்தது. பரங்கியர் என்று அந்த நாளில் அழைத்தது போர்த்துக்கீசியரை. அவர்கள் வியாபாரம் செய்த ஊர் பரங்கிப்பேட்டை. வெளிநாட்டிலிருந்து வந்த காய் பரங்கிக்காய்.

மிளகாயும் அப்படித்தான். அமெரிக்காவில் விளைந்து, போர்த்துக்கீசியர் கப்பலில் 16-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகாய் இல்லாத மீன் குழம்பை இன்று நினைத்துப் பார்க்க முடிகிறதா?

ஆகவே, "எங்கள் ஊர்ச் சாப்பாடு, உங்கள் ஊர்ச் சாப்பாடு" என்று யாரும் அதிகம் மார் தட்ட வேண்டியதில்லை. பாதிப் பொருள் கடல் தாண்டி வந்தது!

வெள்ளாற்றைக் கடந்து, கிள்ளையைத் தாண்டியதும் இரு பக்கமும் பச்சை வயல். சிதம்பரம் வந்துவிட்டது.

இட்லிக்குக் கொத்சு

கோவிலை ஒட்டிய வீதியில் ஓர் ஓட்டலில் நுழைந்தேன். மாலை டிபன் நேரம். "இட்லி" என்றேன்.

"கொத்சு ஊத்தவா சார்?" என்று கேட்டார் பரிமாறுகிறவர்.

ஊற்றினார். ஆஹா! இட்லி நாலாயிற்று, ஆறாயிற்று.

கொத்சு செய்வது எப்படி என்று கேட்டேன். பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி மசிக்க வேண்டும். புளித் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். கொத்தமல்லி விதை, கடலைப் பருப்பு, மிளகாய் மூன்றையும் வறுத்துப் பொடித்துப் போட வேண்டும். எண்ணெய் மேலே மிதந்து வந்தால் கொத்சு தயார். வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும்.

இதற்கு ஏற்ற ஜோடி சம்பா சாதம். சம்பா அரிசிச் சோற்றில் மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, நெய் விட்டுக் கலந்தது. நடராஜருக்கு நைவேத்தியமாவதும் இந்தச் சம்பா சாதமும் கொத்சும்தான். மிளகாய் வருவதற்கு முன்பிருந்த அந்த மிளகுக் காரம் இந்தச் சோற்றில் இன்னும் இருக்கிறது.

இப்போது அந்தக் கத்தரிக்காய்க்கு வருவோம். கடலூரில் புளியும் கத்தரிக்காயும் நெத்திலியோடு சேர்ந்தன. கருவாட்டுக் குழம்பு ஆயிற்று. சிதம்பரத்தில் அதே புளி, அதே கத்தரிக்காய், நல்லெண்ணெயோடு சேர்ந்தன, கொத்சு ஆயிற்று. இரண்டும் உடன்பிறந்த அக்காள் தங்கையே!

சிதம்பரத்தார் எல்லாரும் மரக்கறிதான் சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பக்கத்தில் பிச்சாவரம் இருக்கிறது, கிள்ளை இருக்கிறது. இறாலும் நண்டும் ஊருக்குள் வருகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது முதல் பல ஊர் மாணவர்கள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். அவரவர் ஊர் ருசியும் அவர்களோடு வந்திருக்கிறது.

தண்ணீர் வராவிட்டால்?

சிதம்பரத்துக்கும் கவலை உண்டு. கடலூர் கடலைப் பார்த்து நிற்கிறது. சிதம்பரம் ஆற்றைப் பார்த்து நிற்கிறது.

காவிரித் தண்ணீர் கொள்ளிடம் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. 10-ம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய ஏரி அது. சுமார் 45,000 ஏக்கர் நிலம் அதை நம்பி இருக்கிறது. 2004 முதல் சென்னைக்கும் அங்கிருந்து குடிதண்ணீர் போகிறது.

தண்ணீர் குறைந்தால் பயிர் வாடுகிறது. கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டால் பயிர் அழுகுகிறது. தப்பிப் பிழைத்து தையில் களத்துக்கு வரும் நெல்லே இலையில் சோறாக விழுகிறது. நெய் மணக்கும் அந்தச் சோற்றிலும் உழவனின் வியர்வை இருக்கிறது.

சேந்தனார் கொடுத்த களி

ஓட்டலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சேந்தனார் கதையைச் சொன்னார். கேட்டிருப்பீர்கள். மறுபடி கேட்டாலும் நல்லதுதான்.

சேந்தனார் விறகு வெட்டிப் பிழைத்தவர். தினமும் ஓர் அடியாருக்குச் சோறு போட்ட பிறகே தாம் சாப்பிடுவார். ஒரு நாள் அடைமழை. விறகு நனைந்து போயிற்று, விலை போகவில்லை. அரிசி வாங்கக் காசு இல்லை. வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிண்டி வைத்தார். சிவபெருமானே அடியார் வேடத்தில் வந்து அதை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் கோவில் கதவைத் திறந்தால், சந்நிதியில் களி சிதறிக் கிடந்ததாம்!

அதனால்தான் மார்கழித் திருவாதிரைக்கு வீடுதோறும் களி. வெல்லமும் தேங்காயும் நெய்யும் சேர்த்து, கூடவே பல காய் போட்ட குழம்பு.

கேட்டதும் எனக்குக் கடலூர்க் கூழ் நினைவுக்கு வந்தது. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு எதைப் படைக்கிறார்கள்? அதே கேழ்வரகுக் கூழை! அதைக் கருவாட்டுக் குழம்போடு ஊருக்கே ஊற்றுகிற இடங்களும் உண்டு.

பார்த்தீர்களா? ஓர் ஊரில் களி, மற்றோர் ஊரில் கூழ். இரண்டும் இல்லாதவன் வீட்டுப் பண்டம். சாமிக்கு அதைப் படைக்க யாரும் வெட்கப்படவில்லை.

அணையாத அடுப்பு

இதே மாவட்டத்தில் வடலூர் இருக்கிறது. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-ல் பிறந்த வள்ளலார், 1867-ல் அங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. பசி என்று வந்தவருக்குச் சோறு. என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்பதில்லை.

அங்கே இலை போடுமுன், "நேற்று உன் வீட்டில் என்ன குழம்பு?" என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை!

எது சிறந்தது?

"இரண்டு ஊரிலும் சாப்பிட்டாயே, எது ருசி?" என்று என்னைக் கேட்பீர்கள். காலையில் பசியோடு நின்றபோது கூழ்தான் ருசி. மாலையில் களைத்து வந்தபோது கொத்சுதான் ருசி. பசியை விடப் பெரிய சமையல்காரன் யார்?

இரவு கடைசியாகச் சிதம்பரம் ரெயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். மாணவர் சிலர் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆயாவின் பேரன் இவர்களில் ஒருவனோ? தெரியாது.

அந்தத் தம்பி இதைப் படித்தால் ஒரு வார்த்தை:

நீ படிக்கும் படிப்பு, வஞ்சிரத்தை விற்றுவிட்டுக் கருவாட்டைத் தின்ற ஒரு கிழவி கட்டிய பணத்தில் நடக்கிறது. ஒரு நாள் அந்தக் குழம்புச் சோற்றை எடுத்துக்கொண்டு போ. சிநேகிதன் முன்னால் திறந்து வை. அவன் வீட்டுக் கொத்சை நீ கேட்டு வாங்கு. உன் வீட்டுக் கத்தரிக்காயில் ஒன்றை அவனுக்குக் கொடு.

முதல் நாள் அவன் மூக்கைப் பிடிக்கலாம். பிடிக்கட்டும். மறுநாள், "இன்னும் ஒரு கத்தரிக்காய் இருக்கா?" என்று அவனே கேட்பான்!