எரிபந்தப் பங்கசின் வித்தி

நெற்பயிரை வாட்டும் எரிபந்த நோயைத் தருவது ஒரு பங்கசு. மூன்று கலங்களேயுள்ள அதன் வித்தி, ஈரமான இலைமீது வீழ்ந்து முளைக்கின்றது. முளைக்குழாயின் நுனி குமிழாகப் பருக்கின்றது. மெலனின் என்னும் கரும்பொருள் அதன் சுவரில் படிய, உள்ளே வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு அமுக்கம் திரள்கின்றது. மோட்டார் வண்டியின் சில்லில் இருப்பது இரண்டு மூன்று மடங்கே என்பதை நேயர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக! அவ்வமுக்கமே இலைத்தோலைத் துளைக்கின்றது. வித்தியோ தன் பொருளையெல்லாம் குமிழுக்கு ஈந்து மடிகின்றது.

இவ்வளவையும் ஏவுவது எது? 1996ஆம் ஆண்டில் சூ, ஹேமர் என்னும் ஆய்வாளர் பி.எம்.கே. 1 என்ற பரம்பரையலகை ஆராய்ந்தனர். அது ஆக்கும் நொதியம் வேறு பல பரம்பரையலகுகளைத் தொழிற்படச் செய்கின்றது. அதனை நீக்கியபோதும் வித்தி முளைத்தது. குமிழ் மட்டும் தோன்றவில்லை. காயப்படுத்திய இலையினுள்ளும் அப்பங்கசு பரவவில்லை.