முடக்கு வாதமும் கண்களும்



விரல்கள் வீங்கி, காலையில் மூட்டுகள் விறைத்துக்கொள்ளும் முடக்கு வாதத்தை நம் ஊர்களில் சரவாங்கி என்பார்கள். இந்த நோயாளிகளை நாங்கள் கண் பிரிவுக்கும் அனுப்பும்போது, "கை கால் வலிக்குத்தானே வந்தோம், கண்ணுக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நோயை எதிர்க்க வேண்டிய சக்தி சொந்த உடலையே தாக்குவதால் வருவது இந்நோய். அது மூட்டோடு நிற்பதில்லை.

அதிகமாகக் காண்பது கண் வறட்சி. கண்ணீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டு, மணல் விழுந்ததுபோல் கண் உறுத்தும். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-ல் இதைப்பற்றி விரிவாக எழுதினார். கண்ணும் வாயும் வறளும் நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. சோதனை எளியது. கீழ் இமையில் சிறு வடிதாளை மாட்டி, 5 நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்போம். 5 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் வறட்சி கடுமையானது. செயற்கைக் கண்ணீர் மருந்தைப் பல ஆண்டுகள் போட வேண்டியிருக்கும். விரல்கள் கோணிப்போனவர்களுக்கு அந்தக் குப்பியை அழுத்துவதே கஷ்டம்! ஆகவே வீட்டாரில் ஒருவருக்கும் மருந்து போடக் கற்றுக்கொடுக்கிறோம்.

பயப்பட வேண்டியது வேறொன்று. வெள்விழியில் ஆழமாக அழற்சி வந்தால் கண் சிவந்து, தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருக்கும். இதை மெட்ராஸ் ஐ என்று எண்ணி, கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டு நாட்களைக் கடத்துகிறவர்கள் உண்டு. சிலருக்கோ வலியே இல்லாமல் வெள்விழி மெலிந்து நீலமாகத் தெரியும். கருவிழியின் ஓரம் கரைந்து துவாரம் விழுவதும் உண்டு. உடலின் இரத்தக் குழாய்களையும் நோய் பிடித்திருப்பதற்கு இவை அடையாளமாகலாம். எனவே சொட்டு மருந்து மட்டும் போதாது. வாத நோய்க்கான சிகிச்சையையே பலப்படுத்த வேண்டும்.

மருந்துகளிலும் கவனம் தேவை. ஸ்டீராய்டு நீண்டகாலம் எடுத்தால் கண்புரையும் கண் நீர் அழுத்தமும் வரலாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை அரிதாக விழித்திரையைக் கெடுக்கும். அப்படிக் கெட்டது திரும்பாது. எனவே உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கொடுத்து, முதலாம் ஆண்டில் ஒருமுறையும், 5 ஆண்டுகளுக்குப்பின் ஆண்டுதோறும் கண்ணைச் சோதிக்கிறோம். இதற்குப் பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்துவது தவறு.

கண்ணீர் மருந்து வாங்க இயலாத ஏழைகளுக்கு உங்கள் காணிக்கையிலிருந்தே கொடுத்துவருகிறோம். உங்கள் சபையில் சரவாங்கிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இருந்தால், கடைசியாகக் கண்ணைக் காட்டியது எப்போது என்று தயவுசெய்து கேளுங்கள்.