கார்டு கைக்கு வரலை, பில் மட்டும் வந்துருச்சா? போலீசார் என்ன செய்வார்கள்?

பஸ் ஸ்டாண்டு பக்கம் குடை போட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் ஆதார், பான் கார்டு ஜெராக்ஸ் கொடுத்து கிரெடிட் கார்டுக்கு எழுதிப் போடுகிறோம். அப்புறம் மறந்து விடுகிறோம். அதற்குள் வாடகை வீடு மாறி இருப்போம். கார்டு பழைய விலாசத்துக்கு போகும். லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரோ, அபார்ட்மெண்டில் வாட்ச்மேனோ கையெழுத்து போட்டு வாங்கி வைப்பார்கள். அதன்பிறகு அந்த கவர் எங்கே போச்சு என்று யாருக்கும் தெரியாது.

திடீரென ஒரு நாள் செல்போனில் மெசேஜ் வரும். வாங்காத பொருளுக்கு பணம் கட்டச் சொல்லி இருக்கும். நாள் கூலிக்கு போகிறவருக்கு இது ரெண்டு மாச சம்பளமாக கூட இருக்கலாம்.

கவர் மட்டும் போதாது

கவரை திருடியவன் கார்டை உடனே தேய்க்க முடியாது. 2020-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி முதல் புது கார்டுகளில் ஆன்லைன், வெளிநாட்டு உபயோகம் எல்லாம் ஆப் செய்யப்பட்டே வருகிறது. கார்டுக்காரர் ஆன் செய்தால்தான் உண்டு. ஏ.டி.எம்.மில் எடுக்க பின் நம்பர் வேண்டும்.

அதனால்தான் மர்ம நபர் போன் போடுகிறான். "சார், உங்க கார்டு டெலிவரி ஆயிருச்சு. ஆக்டிவேட் பண்ண ஓ.டி.பி. சொல்லுங்க" என்பான். உங்கள் பெயர், விலாசம், கார்டு நம்பர் எல்லாவற்றையும் கரெக்டா சொல்வான். பேங்க்காரர்தான் பேசுகிறார் என்று நம்பி விடுவோம். அத்தனையும் கவரை பார்த்து படிக்கிறான் என்பது நமக்கு தெரியாது.

முதல் போன் யாருக்கு?

நேராக ஸ்டேஷனுக்கு ஓடுவதற்கு முன்னால் 2 போன் போட வேண்டும். முதலில் பேங்குக்கு. கார்டை பிளாக் செய்யச் சொல்லி, புகார் நம்பரை நேரத்தோடு எழுதி வாங்குங்கள். அடுத்து 1930. இது சைபர் மோசடிக்கான போலீஸ் உதவி எண். நாடு முழுக்க ஒரே நம்பர். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் இணையதளத்திலும் புகார் பதியலாம்.

1930-ல் சொன்னதும் போலீசார் விவரத்தை கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அது பணம் போன பேங்குக்கோ, வாலட் கம்பெனிக்கோ உடனே போகும். பணம் அங்கே இருந்தால் முடக்கி வைப்பார்கள். வேறு கணக்குக்கு மாறி இருந்தால் அந்த பேங்குக்கு தகவல் தாவும். ஆன்லைனில் செல்போன் வாங்கி இருந்தால், பார்சல் போய்ச் சேருவதற்குள் தடுக்கவும் வழி உண்டு. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

ஸ்டேஷனில் என்ன நடக்கும்?

ஐ.டி. சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் ரேங்குக்கு குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். அதனால் லோக்கல் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாலும் மாவட்ட சைபர் கிரைம் போலீசுக்கு அனுப்புவது உண்டு. "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எப்.ஐ.ஆர். போடலாம். எப்.ஐ.ஆர். காப்பி இலவசம். வாங்க மறுத்தால் போலீஸ் சூப்பிரண்டுக்கு தபாலில் புகார் அனுப்பலாம்.

கவர் திருட்டுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 303-வது பிரிவு, மோசடிக்கு 318 (பழைய 420 தான் இது), ஐ.டி. சட்டத்தில் 66சி, 66டி ஆகிய பிரிவுகள் பாயும்.

விசாரணை 2 பக்கமாக போகும். ஒன்று கவர். ஸ்பீடு போஸ்ட் அல்லது கூரியர் நம்பரை வைத்து எந்த தேதியில், யார் டெலிவரி செய்தார்கள், யார் கையெழுத்து போட்டார்கள் என்று பார்ப்பார்கள். இன்னொன்று பணம். எந்த கடை, எந்த செல்போன் நம்பர், பொருள் எந்த விலாசத்துக்கு போச்சு, கடை கேமராவில் யார் முகம் என்று துருவுவார்கள்.

பில் யார் கட்டணும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எப்.ஐ.ஆர். போட்டதும் பில் ரத்தாகி விடாது. போலீசார் திருடனை பிடிப்பார்கள். பில்லை பேங்க்தான் தீர்க்க வேண்டும். 2017-ம் ஆண்டு ஜூலை 6-ந்தேதி ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இதற்கு கை கொடுக்கிறது.

* உங்கள் மேல் தப்பு இல்லாமல், மெசேஜ் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் ஒரு பைசா கட்ட வேண்டாம்.

* 4 முதல் 7 வேலை நாளுக்குள் சொன்னால், ரூ.5 லட்சம் லிமிட் வரை உள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் ரூ.10 ஆயிரம்தான் உங்கள் பொறுப்பு. அதற்கும் மேல் தாமதமானால் பேங்க் வைத்ததுதான் விதி.

* புகார் கொடுத்த 10 வேலை நாளில் அந்த தொகையை பேங்க் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தப்பு உங்களுடையது என்றால் பேங்க்தான் நிரூபிக்கணும்.

* ஓ.டி.பி.யை நீங்களே சொல்லி இருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்கள் தலையில். புகாருக்கு பிறகு போனது பேங்க் தலையில். புகார் நேரத்தை எழுதி வாங்கச் சொல்வது இதற்குத்தான்.

* கேட்காமலே அனுப்பிய கார்டு வழியில் திருடு போய் நஷ்டம் வந்தால் பேங்க்தான் ஏற்க வேண்டும் என்று 2022-ம் ஆண்டு உத்தரவு சொல்கிறது.

30 நாளில் பேங்க் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

கவர் எங்கே?

வீடு மாறினால் முதலில் பேங்கில் விலாசத்தை மாத்துங்கள். கார்டு அனுப்பியாச்சு என்று மெசேஜ் வந்தால் அதில் உள்ள நம்பரை வைத்து எங்கே இருக்கு என்று பாருங்கள். டெலிவரி ஆச்சு என்று காட்டி, கவர் கைக்கு வரலைன்னா பில் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பிளாக் செய்யுங்கள். கார்டு பத்தி யார் போன் போட்டாலும், கவர் உங்க கையில் இல்லாதபோது ஓ.டி.பி. கேட்கிறவன்கிட்டதான் அந்த கவர் இருக்கும்!