விடியும்வரை கூத்துப் பார்த்தேன்

நகரில் வளர்ந்து சமூகவியல் படித்த எனக்கு, முப்பது வயதுவரை கூத்து என்றால் வெறும் சத்தம்தான். வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிராமமொன்றிற்கு வேலையாகச் சென்றிருந்தபோது, எமது பெண்கள் குழுவிலுள்ள அம்மா ஒருவர், “இரவைக்கு நில்லு புள்ள, கூத்திருக்கு” என்றார். பாயைச் சுருட்டிக்கொண்டு களரிக்குப் போனோம்.

பாரதப் போரில் அபிமன்யு இறக்கும் கதை; வடமோடிக் கூத்து. தொடக்கத்தில் ஒன்றும் விளங்கவில்லை. “வரவுப் பாட்டைக் கேளு, வாறது யாரெண்டு தெரியும். விளங்காட்டி, பிற்பாட்டுக்காரர் திருப்பிப் படிப்பாங்க” என்றார் அம்மா. மத்தளமும் சல்லரியும் காதுக்குப் பழகப் பழக, கதையும் விளங்கியது. நள்ளிரவில் என் காலும் தாளம் போட்டது.

அபிமன்யு விழுந்தான். தாய் சுபத்திரை புலம்பினாள். அவ்வேடம் ஏற்றிருந்தவர் ஓர் ஆண். ஆயினும் சுற்றியிருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அம்மாவும் அழுதார். 1990இல் காணாமற்போன தன் மகனைப் பற்றி நாங்கள் கேட்டபோதெல்லாம் அவர் பதில் சொன்னார், ஒருநாளும் அழுததில்லை. எங்கள் படிவங்களில் அதற்கு இடமும் இருக்கவில்லை.

யுத்த காலத்தில் இரவில் வெளியே கூடவே பயந்தோம். 2009இல் யுத்தம் முடிந்தது. இன்று சில இடங்களில் பெண்களும் சதங்கை கட்டி ஆடுகிறார்கள்.

சகோதரிகளே, உங்கள் ஊரில் மத்தளம் கேட்டால் பகலில் சற்று உறங்கிவிட்டுப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அங்கே யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.