பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ்... யாருக்கு ஏற்றது?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே வீட்டில் பட்டிமன்றம் தொடங்கிவிடும். 'பயாலஜி எடுத்தா டாக்டர் ஆகலாம்' என்பார் அப்பா. 'கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாதான் ஐ.டி வேலை' என்பார் சித்தப்பா. மகளோ, தோழி எந்த குரூப்போ அதே குரூப் என்று எழுதிக் கொடுத்துவிடுவாள். எந்தக் கதவு மூடிவிட்டது என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியவரும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுவிடலாம். பி.இ கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர, பிளஸ் டூவில் அந்தப் பாடத்தைப் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் பொதுப்பிரிவு மாணவர்களுக்கு கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண் இந்தக் கணக்கில் வராது. ஆக, கதவைத் திறக்கும் சாவி கணிதம்தான். கணிதத்தோடு பயாலஜி படித்தவர்களும் அதே இடத்துக்குப் போட்டியிடலாம்.

அப்படியென்றால் எதற்காக எடுப்பது?

அந்தப் பாடத்துக்காகவே எடுக்கலாம். 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின்படி பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான், டேட்டாபேஸ் எல்லாம் உண்டு. ஆர்வமுள்ள பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது, முதல் செமஸ்டர் புரோகிராமிங் வகுப்பில் மிரண்டு உட்கார வேண்டியிருக்காது.

எதை இழக்கிறோம்?

பயாலஜியை விட்டால் மருத்துவம், பி.எஸ்ஸி நர்ஸிங் பக்கம் திரும்புவது கடினம். காமர்ஸோடு கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் எடுப்பவர்களுக்கு பி.காம் போன்ற படிப்புகள் உண்டு, பி.இ கலந்தாய்வுக்கான கணிதம், இயற்பியல், வேதியியல் அந்த குரூப்பில் இல்லை. பி.சி.ஏ-வுக்குக் கல்லூரிக்குக் கல்லூரி தகுதி மாறலாம் என்பதால், முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

வீட்டிலேயே ஒரு சோதனை

நாள் முழுக்க போனில் கேம் விளையாடுவது கம்ப்யூட்டர் ஆர்வம் ஆகாது. சி பிளஸ் பிளஸ்ஸில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலே புரோகிராம் ஓடாது. அந்தத் தவறைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமைதான் இங்கே முக்கியம். பைத்தானை இணையத்தில் இலவசமாகவே எழுதிப் பார்க்கலாம், செல்போனே போதும். விடுமுறையில் ஒரு வாரம் முயலட்டும். புரோகிராம் ஓடாதபோது எரிச்சலோடு மூடிவைக்கிறாளா, 'இன்னும் ஒரு தடவை பார்க்கிறேம்மா' என்கிறாளா என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி விடை பள்ளியில் இருக்கிறது. லேபில் எத்தனை கம்ப்யூட்டர் வேலை செய்கிறது, வாரத்துக்கு எத்தனை பீரியட் பிள்ளைகள் அங்கே உட்காருகிறார்கள், பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கீபோர்டைத் தொடாமல் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்தால் மார்க் வரலாம், புரோகிராமிங் வராது.

சித்தப்பா சொன்னதையும் கேட்கலாம், தோழி சொன்னதையும் கேட்கலாம். ஆனால், இரண்டு வருடம் அந்த வகுப்பில் உட்காரப்போவது மகள். கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்கட்டும்.